கறுப்பு வெள்ளையில் என் மைத்துனர்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 10.42. வானம் முழுக்க மேகம். மழை இல்லை, காற்றும் இல்லை. அந்த நிமிடத்தில் என் மைத்துனர் கோவிந்தசாமி, கிள்ளானில் உள்ள தம் வீட்டு வாசலில், ஐந்து இட்லி சாப்பிட்ட வயிற்றோடு நல்ல உடல்நலத்துடன் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிற்பகல் 1.20-க்கு அவர் காலமானார். மாலை ஆறரைக்கு நாங்கள் இருவரும் அருகருகே உட்கார்ந்து, அரிசிச் சேமியாவில் செய்யும் மீகூன் சாப்பிட்டோம். இடையில் நடந்த அத்தனைக்கும் நானும் மூன்று புத்தகங்களும்தான் பொறுப்பு.

கோவிந்தசாமி என் மனைவி சரோஜாவின் அண்ணன். சரோஜா தவறி அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் பிரிக்பீல்ட்ஸில் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறேன். அரசாங்கக் கிடங்கு ஒன்றில் முப்பத்தோரு வருடம் திருகாணியும் ஆணியும் எண்ணி ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கம் விடவில்லை. மின்தூக்கி பழுதானால் எத்தனை படி ஏறினேன் என்று சொல்வேன். (கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.)

மகன் ரவி பெர்த்தில் வேலை பார்க்கிறான். ஞாயிறு இரவுகளில் கூப்பிடுவான். ஒருமுறை வந்தபோது தன் பழைய கேமராவை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். "அப்பா, சும்மா உக்காந்து கவலப்படுறதுக்கு இத கத்துக்கலாம்லா" என்றான். எனக்கு யாரிடமும் போய்ச் சந்தேகம் கேட்க வெட்கம். அதனால் புத்தகம் வாங்கினேன். கழிவு விலை விற்பனையில் மூன்று. மூன்றுமே ஆங்கிலம், மூன்றும் ஆரம்பநிலைக்காரர்களுக்கு. மூன்றையும் எழுதியவர்கள் பனி கொட்டுகிற நாட்டுக்காரர்கள். பனியில் படம் எடுப்பது பற்றிய அத்தியாயத்தையும் நான் விடாமல் படித்தேன். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.

எனக்கு அந்தக் கலை உடனே பிடித்துப்போனது, ஏனென்றால் அது முழுக்க எண்கள். கேமராவின் துளை எவ்வளவு திறக்க வேண்டும், கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், வெளிச்சம் எத்தனை மடங்கு. கிடங்கில் இருந்ததுபோல இருந்தது. ஆனால் முதல் புத்தகத்தின் முதல் பயிற்சியிலேயே தடுக்கிவிட்டது. 'வீட்டில் உள்ள ஒருவரை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள்' என்று போட்டிருந்தது. வீட்டில் உள்ள ஒருவர் நான்தான். நான் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தால் கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லை. ஆகவே சோற்றுக் குக்கரை நாற்காலியில் வைத்தேன். நான்கு நாள் அதை எடுத்தேன். இடப்பக்க வெளிச்சம், வலப்பக்க வெளிச்சம், பின்வெளிச்சம். பின்வெளிச்சத்தில் அது கொஞ்சம் சோகமாகவே தெரிந்தது.

இரண்டாம் புத்தகம் சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைத் தங்க நேரம் என்றது. அப்போது உலகமே அழகாக இருக்குமாம். பிரிக்பீல்ட்ஸில் அந்த நேரத்துக்குத்தான் இடி இடித்து மழை கொட்டும். என்னிடம் நனைந்த ஜன்னலின் தங்க நேரப் படங்கள் நாற்பத்தாறு இருக்கின்றன.

கலை, வெளிச்சம் என்றெல்லாம் நான் ரவியிடம் அளந்தது வேறு. உண்மைக் காரணம் வேறு. சரோஜா இருந்தவரை கிள்ளான் குடும்பத்தில் ஒரு விசேஷம் என்றால் முதல் அழைப்பு எங்களுக்கு. தட்டில் பழம் வெற்றிலையோடு வீட்டுக்கே வந்து அழைப்பிதழ் கொடுப்பார்கள். அவள் போன பிறகு அழைப்பிதழ் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அறுபத்து நான்கு பேருக்குப் பொதுவாக. "நீங்க வாங்க" என்று தனியாக யாரும் சொல்லவில்லை. சொல்லாத இடத்துக்கு நான் போவதில்லை. (வீம்புதான். வேறென்ன.) மூன்று ஆண்டில் ஏழு விசேஷத்துக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் எல்லா விசேஷத்திலும் ஒரே ஒரு ஆளை மட்டும் எல்லோரும் தேடித் தேடிக் கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். படம் எடுப்பவரை. "அண்ணே இங்க வாங்க, அண்ணே இத எடுங்க, அண்ணே சாப்டீங்களா?" அந்த அண்ணனாக நான் ஆகிவிட வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் மைத்துனரின் மகள் கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, நீங்க போட்டோல்லாம் எடுக்குறீங்களாமே? ரவி சொன்னான்."

"ஏதோ, கொஞ்சம்."

"அப்பாவுக்கு எழுபத்தஞ்சு முடியுது மாமா. இருபதாம் தேதி மண்டபத்துல விருந்து. வாசல்ல வைக்க ஒரு பெரிய படம் வேணும். கடைக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குறாரு. நீங்க வந்து எடுத்துத் தர்றீங்களா? விருந்துக்கும் நீங்க கண்டிப்பா வரணும்."

கண்டிப்பா. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் வாழ்ந்தேன். மூன்று புத்தகங்களிலும் முதியவர்களைப் படமெடுப்பது பற்றிய பகுதிகளைக் கோடிட்டுப் படித்தேன். மூன்றும் வேறு எதிலும் ஒத்துப்போனதில்லை. இதில் மட்டும் ஒரே குரலில் பேசின. பின்னணி இருட்டாக இருக்கட்டும். சிரிக்கச் சொல்லாதீர்கள். பார்வை தூரத்தில் இருக்கட்டும். கறுப்பு வெள்ளையில் மாற்றுங்கள்.

அந்த ஞாயிறு, காலை ரயிலில் கிள்ளான் போய்ச் சேர்ந்தேன். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் துணி காயவைக்கும் கம்பியில் ஒரு கருநீலப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் நாற்காலி போட்டேன். மைத்துனர் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக வந்து உட்கார்ந்து, திரும்பிப் போர்வையைப் பார்த்தார்.

"என்னா மாப்ள, மந்திரம் வைக்கப் போறீங்களா?"

"பின்னணி மச்சான். நீங்க அசையாதீங்க. சிரிக்காதீங்க."

"பொறந்த நாளுக்குத்தானே எடுக்குறோம்?"

"உதட்ட மூடுங்க. தூரமாப் பாருங்க."

"எவ்ளோ தூரம்? எதிர்வீட்டு லோரி நிக்குது."

"அதுக்கும் அப்பால. ரொம்ப தூரம்."

அவர் மனைவி லட்சுமி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, கொஞ்சம் சிரிச்ச மாதிரி எடுத்தா லட்சணமா இருக்குமே."

"புத்தகத்துல வேணாம்னு போட்டிருக்கு தங்கச்சி."

"எந்தப் புத்தகத்துல?"

"மூணுலயும்."

லட்சுமி வாயை மூடிக்கொண்டார். மூன்று புத்தகத்தோடு யார் வாதாட முடியும்? எண்பத்தேழு படம் எடுத்தேன். அதில் ஒன்று, 10.42-க்கு எடுத்தது, எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சாப்பிட்டுப் போங்கள் என்றார்கள். படத்தைச் சீர்செய்யும் அவசரத்தில் நான் நிற்கவில்லை. பிற்பகலில் விருந்துச் சாப்பாடு பேச மண்டபத்துக்குப் போவதாகக் கவிதா சொன்னாள். அது காதில் விழுந்தது, மனத்தில் பதியவில்லை.

வீட்டுக்கு வந்து கணினியில் அதைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். ஓரங்களை இருட்டாக்கினேன். இரண்டாம் புத்தகம் சொன்னபடி மெல்லிய வெள்ளைக் கரை கட்டினேன். நல்ல படம். இத்தனை நடந்த பிறகும் சொல்கிறேன், அது நல்ல படம். அவர் முகத்திலிருந்த ஒவ்வொரு சுருக்கமும் எண்ணும்படி இருந்தது.

மூன்றாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் படத்தைப் பிறருடன் பகிர்வது பற்றியது. குறிப்பில்லாத படம் அநாதை என்றார் அதை எழுதிய மகானுபாவர். யார், எப்போது பிறந்தவர், எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது, இவற்றைச் சுருக்கமாகக் கீழே எழுத வேண்டுமாம். சுருக்கம் எனக்குக் கைவந்த கலை. கிடங்கில் ஒரு பெட்டியின் வரலாற்றை ஒரே வரியில் எழுதியவன். படத்தின் அடியில் வெள்ளை எழுத்தில், தகப்பன் பெயரையும் சேர்த்து, இப்படி எழுதினேன்:

கோவிந்தசாமி அ/ல் இராமன்
15.8.1948 – 13.8.2023
கிள்ளான்

மணி 1.20-க்குக் குடும்பக் குழுவில் போட்டேன்.

தினமும் காலையில் நாளிதழின் உள்பக்கங்களில் இதே மாதிரி படங்களைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பவன் நான். தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடுவது என் வயதுக்காரர்களின் வழக்கம். இருந்தும் எனக்குப் பொறி தட்டவில்லை. முதல் நாளிலிருந்து நான் வெளிச்சத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நிமிடத்தில் கைபேசி அதிர ஆரம்பித்தது. என் கைபேசி அப்படி அதிர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. கும்பிடும் கைகள். வரிசை வரிசையாகக் கும்பிடும் கைகள். கலைஞனை இப்படியெல்லாம் கும்பிடுவார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'நன்றி. இன்னும் கொஞ்சம் இருட்டாக்கியிருக்கலாம்' என்று எழுதினேன். காப்பாரிலிருந்து யாரோ, 'இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா' என்று எழுதியிருந்தார்கள். பிறந்த நாளுக்கு முன்பே படத்தை வெளியிட்டதற்காகக் குறை சொல்கிறார்கள் என்று எண்ணி, 'அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும்' என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.

அப்புறம் டெங்கிலிலிருந்து சேகர் கூப்பிட்டான். மைத்துனரின் ஒன்றுவிட்ட தம்பி மகன். குடும்பத்தில் நல்லது கெட்டது எதற்கும் பந்தல் முதல் பாத்திரம் வரை ஓடியாடிச் செய்பவன்.

"மாமா, இப்பதான் குரூப்ல பாத்தேன். என்னால நம்பவே முடியல."

"எனக்கும்தான் மொதல்ல நம்ப முடியல" என்றேன் அடக்கமாக.

"எத்தன மணிக்கு மாமா?"

"காலைல பத்து நாப்பத்திரண்டு."

"நீங்க கூட இருந்தீங்களா?"

"அஞ்சடி தூரத்துல."

"பெரியப்பா ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"ஆரம்பத்துல கொஞ்சம் அசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. பேசாம இருங்கன்னேன். அடங்கிட்டாரு."

சேகர் பெருமூச்சு விட்டான். "மொகத்துல ஒரு அமைதி மாமா."

"அது போர்வையால வர்றது."

பிறகு, "சரி மாமா. நீங்க ஒன்னும் கவலப்படாதீங்க. ஆக வேண்டியத நான் பாத்துக்குறேன்" என்றான். மண்டப வாசலுக்குப் படத்தைப் பெரிதாக அச்சடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டான் என்று நினைத்து நன்றி சொன்னேன். மனநிறைவோடு படுத்தேன். மூன்று ஆண்டில் நான் அப்படிப் பகலில் தூங்கியதில்லை.

கோவிந்தசாமி வீட்டுக்கு ஒருவராவது தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நம்மவர்கள் கேட்க மாட்டார்கள். சாவு வீட்டுக்குப் போன் போட்டு, செய்தி உண்மையா என்று விசாரிப்பது மரியாதை இல்லை. நேரே கிளம்பிப் போய்விட வேண்டும். கவிதாவோ, குழுவில் தினமும் வரும் காலை வணக்கப் பூக்களைப் பொறுக்க முடியாமல் அதன் ஒலியை எப்போதோ அடைத்துவிட்டாள். அவள் மண்டபத்தில் அப்பளம் எத்தனை என்று பேசிக்கொண்டிருந்தாள். மைத்துனர் மதியம் சாப்பிட்டுவிட்டு, என்னைப் போலவே, தூங்கிக்கொண்டிருந்தார்.

இனி வருவது நான் கண்ணால் காணாதது. ஆனால் எத்தனையோ வாய்களிலிருந்து கேட்டாகிவிட்டது.

மூன்றரை மணிக்கு வாசலில் இரும்புக் குழாய்கள் விழும் சத்தம். மைத்துனர் கைலியும் பனியனுமாக வெளியே வந்தார். லோரியிலிருந்து நான்கு பேர் கூடாரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ், யார் வீட்டுக்கு?" என்று கேட்டார்.

"இந்த வீட்டுக்குத்தான் அங்கிள். யாரோ பெரியவர் தவறிட்டாராம்."

மைத்துனர் பதறி உள்ளே ஓடி, லட்சுமி அடுப்படியில் நிற்பதைப் பார்த்து ஆறுதலடைந்து, திரும்ப வந்தார். பக்கத்து வீடாக இருக்கும், விலாசம் மாறி வந்திருப்பார்கள் என்று நினைத்தார். பாவம் எந்த வீட்டிலோ துக்கம், நம்மால் தாமதம் ஆகக்கூடாது என்று, கூடாரத்துக்கு இடம் விட்டுத் தம் காரை எடுத்துத் தெருமுனையில் நிறுத்தப் போனார். அந்த நேரம் பார்த்து பந்திங்கிலிருந்து வேன் வந்து நின்றது. அதிலிருந்து பாக்கியம் இறங்கினார். மைத்துனரின் சித்தப்பா மகள். அழுவதற்கு ஆள் பற்றாத வீடுகளில் அவர் ஒருவரே போதும். ரோஜா மாலையைக் கையில் ஏந்தி, வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு குரலெடுத்தார்.

"எங்கள விட்டுட்டு எங்கண்ணே போன?"

"எங்கயும் போகல பாக்கியம்" என்றார் மைத்துனர் பின்னாலிருந்து, கையில் கார் சாவியோடு. "வண்டிய தள்ளி வச்சுட்டு வர்றேன்."

பாக்கியம் திரும்பிப் பார்த்து, மாலையாலேயே அவரை அடித்தார். மூன்று அடி என்று சிலரும் ஐந்து என்று சிலரும் சொல்கிறார்கள். அப்புறம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுதார். அது நிஜ அழுகை என்கிறார்கள்.

மணி 4.05-க்கு என் கைபேசி அடித்தது.

"மாப்ள, நான்தான் பேசுறேன்."

"சொல்லுங்க மச்சான். படம் எப்படி?"

"படத்துக்கு மாலை வந்துருக்கு மாப்ள. நாலு. வேன் ரெண்டு. உருமி மேளக்காரங்க மோட்டர்ல வந்துக்கிட்டு இருக்காங்களாம். நீங்களும் வந்துருங்க. கொன்னவர் இல்லாம எப்படி?"

ரயிலில் குழுவின் செய்திகளை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கும்பிட்ட கைகள் எல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிந்தன. 'அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும்' என்று நானே எழுதியிருந்த வரியில் வந்து நின்றேன். ஷா ஆலம் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று ஆண்டு கழித்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். கூப்பிட்டவளின் தகப்பனைச் சாகடித்துவிட்டேன். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கிள்ளான் வந்துவிட்டது.

தெரு முழுக்கக் கார். கூடாரத்துக்கு அடியில் அறுபது நாற்காலி. அதில் நாற்பத்து மூன்று பேர். நான் வாசற்கதவுக்கு வெளியே மழையில் நின்றேன். ஒவ்வொருவராக என்னைப் பார்க்க, பேச்சு அடங்கியது. சேகர் எழுந்து வந்தான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன்.

"மாமா, 'அடங்கிட்டாரு'ன்னு சொன்னீங்களே மாமா!" என்றான், அழாத குறையாக.

கவிதா என் கையிலிருந்த ஈரக் குடையை வாங்கி ஓரமாக வைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் யாரோ அவளுக்குத் துக்கம் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடம் அவள் தகப்பனில்லாதவளாக இருந்திருக்கிறாள்.

மைத்துனர்தான் எழுந்து வந்தார். "உள்ள வாங்க மாப்ள. வந்தவங்கள பசியோட அனுப்பக் கூடாதுன்னு மீகூன் சொல்லியாச்சு" என்றார். வந்து நின்ற மேளக்காரர்களுக்கும் ஆளுக்கொரு தட்டு கொடுத்தார்கள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு, வந்ததற்குச் சும்மா போகக் கூடாது என்று ஒரு சாமி பாட்டு அடித்தார்கள். பாக்கியம் பூசணிக்காய் சுற்றி முச்சந்தியில் உடைக்கச் செய்தார். பொய்ச் செய்தி கேட்டால் ஆயுசு கூடும் என்று லட்சுமி வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அது அவருக்கே தைரியம் சொல்லிக்கொண்டது.

எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, மைத்துனர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு எத்தன பேரு வருவாங்கன்னு இன்னிக்குப் பாத்துட்டேன் மாப்ள. யாருக்கும் கெடைக்காது இது." கொஞ்சம் மீகூன் சாப்பிட்டார். "உங்களுக்கு ஒன்னுன்னா குரூப்புல யாரு போடுவா?"

"ஞாயித்துக்கெழம ராத்திரி ரவி கூப்பிடுவான். எடுக்கலன்னா தெரிஞ்சுரும்."

"திங்கக்கெழம ஆச்சுன்னா?"

நான் யோசித்தேன். என்னால் யோசிக்காமல் இருக்க முடியாது. "ஆறு நாள்" என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் நான் கேட்ட தூரப் பார்வை அது. கேமராவை நான் தொடவில்லை.

"நாளையிலேர்ந்து காலைல எட்டு மணிக்குள்ள எனக்கு ஒரு படம் அனுப்புங்க" என்றார். "எதுவா இருந்தாலும் சரி. படம் வரலன்னா நான் கெளம்பி வந்துருவேன்."

இருபதாம் தேதி விருந்துக்குப் போனேன். மண்டப வாசலில் இருந்தது நான் எடுத்த படம் அல்ல. கூடாரத்தின் கீழ் மீகூன் தட்டோடு மைத்துனர் வாய்விட்டுச் சிரிப்பதைக் கவிதா கைபேசியில் எடுத்திருந்தாள். குவியம் சரியில்லை, பின்னணியில் நாற்காலிக் கால்கள். எல்லோரும் அதைத்தான் நின்று நின்று பார்த்தார்கள். என் படத்தைப் பீரோவில் வைத்திருக்கிறார்கள். "பத்திரமா இருக்கட்டும் மாப்ள. ஒரு நாள் வேணும். தேதிய மட்டும் மாத்திக்கலாம்" என்கிறார் அவர்.

அதிலிருந்து எந்த விசேஷத்திலும் நான் கேமராவைத் தூக்கினால், "மாமா, தேதி போட்றாதீங்க!" என்று கூட்டமே கத்துகிறது. அறுபதைத் தாண்டியவர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுகிறார்கள். பாக்கியம் என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "அத்தான், எனக்கு இன்னும் பேரன் கல்யாணம் இருக்கு" என்பார். படம் எடுக்க என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. கதை சொல்லக் கூப்பிடுகிறார்கள். சேகரோடு நான் பேசிய தொலைபேசிப் பேச்சை இருவரும் சேர்ந்து நடித்துக் காட்ட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு அதுதான் நிகழ்ச்சி.

காலைப் படத்தை இதுவரை இரண்டு முறை அனுப்ப மறந்திருக்கிறேன். இரண்டு முறையும் பத்து மணிக்குள் மைத்துனர் என் கதவைத் தட்டினார். கையில் தோசைப் பொட்டலம், முகத்தில் கோபம். (இரண்டாவது முறை நான் மறக்கவில்லை.)

செலவை நான்தான் கொடுத்தேன். சேகர் வேண்டாம் என்றான், நான் விடவில்லை. கூடாரம், நாற்காலி, இரண்டு வேன், மேளக்காரர்களின் பெட்ரோல், நான்கு மாலை, ஒரு பூசணி, நாற்பத்து நான்கு பேருக்கும் மேளக்காரர்களுக்கும் மீகூன். எங்கள் கோயிலில் மரண சகாய நிதி ஒன்று உண்டு. இருபது ஆண்டாகச் சந்தா கட்டி வருகிறேன். கேட்டுப் பார்த்தேன். இறந்தவர் நேரில் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொன்னால் கொடுக்க விதியில்லையாம். ஆக மொத்தம், என் கையிலிருந்து போனது 1,386 ரிங்கிட் 40 சென்.